வரி போதாத மனிதர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பெயர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 'தகுதி பெற்றோர்' என்று வைக்கலாம். இவர்கள் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதில்லை, தகுதி பெறுகிறார்கள். இது நமக்கு வேண்டுமா என்று நீங்களும் நானும் யோசிக்கிற இடத்தில் இவர்கள் இது நமக்குச் சேருமா என்று யோசிப்பார்கள். சேரும் என்று தெரிந்துவிட்டால் போதும், வேண்டும் என்பது தானாக வந்துவிடும். பத்து டாலர் கழிவுக்காக நூறு டாலர் செலவழித்துவிட்டு, அந்தப் பத்தின் பெருமையை ஊர் முழுக்கச் சொல்வார்கள். அந்த நூறு? அதையெல்லாம் கேட்பது நாகரிகம் இல்லை.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். புதுக் கார் வாங்கிய ஒருவரிடம் "கார் எப்படி?" என்று கேளுங்கள். சாதாரண மனிதராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடுகிறது என்பார், பின்சீட்டில் இடம் போதவில்லை என்பார். தகுதி பெற்றவர் ஒரே பதில்தான் சொல்வார்: "சலுகை முழுசா கிடைச்சுது."

நான் இந்த இனத்தை வெகு அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மின்னசோட்டாவின் டுலூத் நகரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு ஹார்லன் லிண்ட்குவிஸ்ட்டுடையது. நாற்பது வருடம் ஹார்டுவேர் கடை நடத்தியவர். 'கடைசி மூன்று நாள்' என்று கடை வாசலில் அவர் மாட்டிய பலகை, ஏரிக்காற்றும் வெயிலும் பட்டு எழுத்து வெளுத்துப்போன பிறகுதான் இறங்கியது. அதுவும் கடையே மூடியதால் இறங்கியது. அந்தப் பலகையை நம்பி ஓடிவந்தவர்களை நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் குழாயும் டைல்ஸும் ஷவரும் விற்ற அந்த மனிதரின் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. கக்கூஸும் அதற்குள்ளேதான். அது மாடியில் இருக்கிறது. படிகள் செங்குத்து. அவருடைய மனைவி வெர்னாவுக்கு வலது முட்டி தேய்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. கீழே சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருக்கும் அறையை ஒரு சின்னக் குளியலறையாக மாற்றித் தரச் சொல்லி, கடை இருந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். கடையை மூடிய பிறகு, ஓய்வுக்காலத்துக்கென்று போட்டு வைத்த சேமிப்பில் ஒரு பகுதி குளியலறைக்கு என்று முடிவாகியிருந்தது. பிளம்பர் வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மின்சாரக் காருக்கு அரசாங்கம் வரிச் சலுகை கொடுப்பதை ஹார்லன் படித்துத் தொலைத்தார்.

விஷயம் இதுதான். தகுதியுள்ள புதுக் கார் வாங்கினால், அந்த வருடம் நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரியில் ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் வரை தள்ளிவிடுவார்கள். கவனியுங்கள், கட்ட வேண்டிய வரியில். வரி அறுநூறுதான் என்றால் தள்ளுபடியும் அறுநூறோடு சரி. ஹார்லனோ ஓய்வூதியத்தில் வாழ்பவர். வரி என்ற பெயரில் அவர் கட்டியது ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்குக்கூட வராது. அதைத்தான் சர்ச்சுக்குக் கீழே காபி குடிக்கும் கூடத்தில் வருடக்கணக்காகப் பீற்றிக்கொண்டிருந்தார். "வாஷிங்டன்காரன் என்கிட்டேர்ந்து ஒரு காசு பிடுங்க முடியாது" என்பார். இப்போது அதே வாய் வேறு மாதிரி பேசத் தொடங்கியது.

ஒரு நாள் இலை வாரிக்கொண்டிருந்த என்னிடம் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, வருஷத்துக்கு எவ்வளவு வரி கட்டற?"

"எதுக்கு கேக்கறீங்க?"

"சும்மாதான். நிறைய கட்டறியோ?"

"தாளிக்கிறாங்க. ஏன் கேக்கறீங்க."

"கொடுத்து வச்சவன்யா நீ," என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அமெரிக்காவில் வரி கட்டுவதற்காக ஒருவன் மேல் இன்னொருவன் பொறாமைப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பொறாமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வரி வரவழைப்பதற்கு வழி தேட ஆரம்பித்தார். அவருடைய கடையை மூட வைத்ததே நெடுஞ்சாலையோரம் வந்த ஒரு பெரிய கடைதான். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கேயே போய் அவர்களுடைய மேலங்கியை மாட்டிக்கொண்டு, சனிக்கிழமைகளில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஆணி எந்த வரிசை, பெயிண்ட் எந்த வரிசை என்று வழி காட்டினார். சம்பளம் வந்தது. வரி எழும்பவில்லை. ஒரே வழிதான் பாக்கி. ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கிற பணம் அந்த வருட வருமானமாகக் கணக்காகும். வருமானம் ஏறினால் வரி ஏறும். வரி ஏறினால் தள்ளுபடி ஏறும்.

"அது என் குளியலறைப் பணம்," என்றார் வெர்னா. நான் அப்போது அவர்கள் வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். ஏணியோடு நடுக்கூடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"வெர்னா, சொல்றதைக் கேளு. அந்தப் பணத்தை எடுத்தாத்தான் வரி வரும். வரி வந்தாத்தான் தள்ளுபடி வரும். எடுக்கலைன்னா ரெண்டும் வராது."

"எடுக்கலைன்னா குளியலறை வரும்."

"குளியலறை எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் கட்டலாம். இதை டிசம்பருக்குள்ள வாங்கியாகணும். ஜனவரியிலேர்ந்து விதியை மாத்தறான்."

"எப்படி மாத்தறாங்களாம்?" என்று நான் கேட்டேன். ஏணியோடு நிற்கிறவன் ஏதாவது கேட்கத்தானே வேண்டும்.

"எப்படி மாத்தினா என்னப்பா? நமக்குச் சாதகமாவா மாத்தப் போறான்?"

கடைசி மூன்று நாள் பலகையை நாற்பது வருடம் மாட்டி வைத்திருந்தவர் பேசுகிற பேச்சு இது.

பணம் எடுக்கப்பட்டது. கார் வாங்கப் போனார்கள். வெர்னாவுக்குப் பிடித்தது உயரமான கார்; முட்டியை மடக்காமல் அப்படியே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். விசாரித்தால் அது வெளிநாட்டில் கூட்டிச் சேர்த்தது, சலுகை கிடையாது. சலுகை உள்ளது தரையோடு தரையாகக் கிடந்த ஒரு கார், கடுகுப் பச்சை நிறத்தில். ஹார்லன் அந்த நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, அது எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் எண்ணைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது உள்நாட்டு எண்ணாக இருந்தது, அழகாக இருந்தது. அவரும் விற்பனையாளருமாக ஆளுக்கொரு கையைப் பிடித்து வெர்னாவை அந்தக் காருக்குள் இறக்கினார்கள். வெளியே எடுக்கும்போது மூன்றாவது ஆள் தேவைப்பட்டது.

வீட்டில் கார் கொட்டகைக்குப் புது வயர் இழுத்தார்கள், சார்ஜர் மாட்டினார்கள், விளக்குப் போட்டார்கள். ஆக, காருக்குத் தரைத்தளத்திலேயே சகல வசதியும் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தோம். ஹார்லன் கதவைத் திறந்து காட்டினார், திரையைத் தொட்டுக் காட்டினார், சலுகையின் பதினெட்டு நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக எப்படித் தாண்டினார் என்று விளக்கினார்.

"எல்லாம் இருக்கு இதுல," என்றார் வெர்னா, வாசலில் நின்றபடியே. "கக்கூஸ் ஒண்ணுதான் இல்லை."

ஹார்லன் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்.

குளிர் இறங்கியது. எங்கள் ஊர்க் குளிரில் மின்சாரக் காரின் ஹீட்டரைப் போட்டால் பேட்டரி சட்டென்று இறங்கும். அதனால் ஹார்லன் போடுவதில்லை. மனைவிக்கு ஒரு கம்பளி, பின்சீட்டில் வருகிறவர்களுக்கு ஒரு கம்பளி. தகுதி பெற்றவர் ஒன்றை வாங்கிய பிறகு செய்கிற முதல் வேலை அதைப் பயன்படுத்தாமல் காப்பாற்றுவதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெர்னா மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது முட்டி பூசணிக்காய் கணக்காக வீங்கிவிட்டது. படுக்கையைக் கீழே கூடத்து சோபாவுக்கு மாற்றினார்கள். குளிப்பதற்குத் தினமும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, பனியில் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் குளியலறை கீழே இருக்கிறது. ஹார்லனும் முன்னால் பனியைத் தள்ளிப் பாதை போட்டுக் கொடுப்பார், அதைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் அவசரம் என்றால் வெர்னா படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நகர்ந்து ஏறுவாராம். இதை என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஹார்லனை நடுத்தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. நாங்கள் மின்னசோட்டாக்காரர்கள், அப்படியெல்லாம் கேட்க மாட்டோம். "ரொம்பக் குளிரா இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கீழே காபிக் கூடத்தில் ஆர்லிஸ் அம்மாள் வந்து உட்கார்ந்தார். எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், கணவரை இழந்தவர், எண்பதை நெருங்குகிறவர். வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானம் இருந்ததே இல்லை.

"என் பழைய கார் மூச்சை விட்டுடுச்சு," என்றார். "வியாழக்கிழமை போய்ப் புதுசு ஒண்ணு எடுத்துட்டேன். கரண்ட்டுல ஓடறது. உங்களுதே மாதிரிதான் ஹார்லன். எனக்கு நீலம் கிடைச்சுது."

ஹார்லன் பரிதாபத்தோடு கோப்பையைக் கீழே வைத்தார். "சலுகை உங்களுக்குச் சேராதே, ஆர்லிஸ். வரி இருந்தாத்தான் கழிப்பான்."

"அப்படியா? கார் விக்கற பையன் ஏழாயிரத்து ஐந்நூறை அங்கேயே கழிச்சுட்டுத்தானே பில் போட்டான். ஞாயிறு வகுப்புல என்கிட்ட படிச்ச பையன். எலுமிச்சை கேக் ஒரு தட்டு கொண்டுபோயிருந்தேன். அதுக்காகத்தான்னு நான் நினைச்சேன்."

"கேக்குக்கா?"

"நான்கூடச் சொன்னேன், தம்பி, நான் வரியே கட்டறதில்லையேன்னு. அது இந்த ஜனவரியிலேர்ந்து தேவையில்லையாம். விதியை மாத்திட்டாங்களாம்."

யாரோ சர்க்கரையைக் கலக்குகிற சத்தம் கேட்டது. ஹார்லனின் முகம் வெளிறி, பிறகு மெதுவாகப் பழைய நிறத்துக்குத் திரும்பியது. இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் சாகாது.

"அது வேற," என்றார் கடைசியில். "அவங்களுக்குச் சும்மா கிடைச்சுது. நான் தகுதி பெற்று வாங்கினேன்."

வெர்னா காபியோடு வந்த கேக்கை முழுவதும் தின்று முடித்தார்.

அன்றைக்கு என் வண்டி பழுது. அவர்களுடைய காரில்தான் வீடு திரும்பினேன், பின்சீட்டில், கம்பளிக்குள். மேட்டில் ஏறும்போது வெர்னா சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"முட்டி வலிக்காரங்க கீழே குளியலறை கட்டினா அதுக்கும் ஏதோ வரியில கழிவு உண்டாம்."

காரின் வேகம் குறைந்தது.

"யார் சொன்னா?"

"டாக்டர் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. விடு. நமக்குக் கிடைக்காதாம். நமக்குத் தகுதி இல்லையாம்."

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

"யார் சொன்னது தகுதி இல்லைன்னு?" என்றார் ஹார்லன். அவர் குரலில் உயிர் வந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து தொடாத ஹீட்டரைத் தன்னை அறியாமல் போட்டார். எனக்குக் கால் விரல்கள் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாமான் அறை காலி. புதன்கிழமை வங்கிக் கடனோடு பிளம்பரும் வந்துவிட்டார். தோண்டித் துருவிப் படித்து ஹார்லன் கண்டுபிடித்துவிட்டார்: டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தச் செலவை வைத்தியச் செலவாகக் காட்டலாம். ஆனால் வைத்தியச் செலவு மொத்தம் வருமானத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்காக அறையைப் பெரிதாக்கினார். படி இல்லாத ஷவர் வந்தது, சுவரெல்லாம் கைப்பிடி வந்தது, அகலக் கதவு வந்தது, வெர்னா கனவில்கூடக் கேட்டிராத வெந்நீர்த் தொட்டி வந்தது.

இந்த வருடம் வரியே இல்லாதவருக்கு அந்தச் செலவை எதில் கழிப்பார்கள்? அந்தக் கேள்வி எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிவிட்டேன். ஹார்லன் அதைக் கண்டுபிடிக்கும்போது டைல்ஸ் காய்ந்திருக்கும்.

போன வாரம் அங்கே போயிருந்தேன். ஹார்லன் கணக்குப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பங்கைத் தாண்ட இன்னும் கொஞ்சம் வைத்தியச் செலவு தேவைப்பட்டது போலிருக்கிறது. மனைவியின் பக்கம் திரும்பி, இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கேட்டிராத கனிவோடு கேட்டார்:

"வெர்னா, உன் இடது முட்டி எப்படி இருக்கு?"

வெர்னா யோசித்தார். "கேட்டதும்தான் தெரியுது," என்றார். "அதுவும் வலிக்குது."

ஹார்லனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய், மூன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று வாங்கி வந்து உறை பிரிக்காமல் அலமாரி உச்சியில் வைத்திருக்கிறீர்களே, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். வருகிற வழியில், உங்கள் வீட்டில் யாருக்காவது முட்டி வலிக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குக் கழிவு எதுவும் கிடையாது. அதனால்தான் நீங்கள் இதுவரை கேட்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.