வரலாற்றுக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை

உலகில் எத்தனையோ சபைகள் கடவுளை வணங்கியே காலத்தைக் கழித்துவிட்டன. கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் வழியிலுள்ள அந்தச் சிற்றூர்ப் பிரஸ்பிட்டேரியன் சபைதான் தன் வரலாற்றையே வணங்கும் நிலைக்கு உயர்ந்தது. ஆராதனைக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். அதில் பதினொருவர் ‘நூற்றைம்பதாண்டு வரலாற்று மலர்க் குழு’ உறுப்பினர்கள்.

குழுவின் செயலாளர் நவரட்ணராஜா, ஓய்வுபெற்ற நில அளவையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. மனைவி காலமான பிறகு அவருக்கு மனிதமுகம் பார்க்கக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதனால் மேலிடத்துக் கடிதத்தை அவர் மூன்று தடவை வாசித்தார்: ‘வரும் ஞாயிறு சபைகளை மேற்பார்வை செய்யும் பார்வையாளர் வந்து ஆராதனை நடத்துவார். பத்துப் பேராவது கலந்துகொள்ளாவிட்டால் ஆலயம் மூடப்படும்.’

குழு இதை மிகுந்த பொறுப்புடன் எடுத்துக்கொண்டது. மலரின் முதல் அத்தியாயத்தைக் கையில் கொடுத்துப் பார்வையாளரை அசத்திவிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்து, அதே ஞாயிறு காலை எட்டரைக்கு ஆலயத்தின் பின்னறையில் கூடியது.

ஒன்பதுக்கு ஆராதனை மணி அடித்தது.

“இந்த மணியை எங்கட அப்பப்பாதான் கப்பலில இறக்கினவர். எழுதும்,” என்றார் தலைவர் பெரியதம்பி மூப்பர்.

கடைக்கார மோகனராஜ் எழுந்தார். “கப்பல்ல எறங்கினா கோயிலுக்கு வந்துருமா? ஸ்டேஷன்ல இருந்து மேடேறித் தோள்ல தூக்கிட்டு வந்தது எங்க தாத்தா!”

“தூக்கினவையின்ர பேரெல்லாம் போட்டால் மலர் தாங்குமோ?” என்றார் தலைவர்.

கதவருகே கஜலட்சுமி வந்து நின்றார். ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கும் அவர்தான் குழுவில் இல்லாத அந்தப் பன்னிரண்டாமவர்.

“ஐயா, பார்வையாளரு வந்துட்டாரு. வாங்க.”

“ஓம் பிள்ளை, வாறன்.” நவரட்ணராஜா பேனாவை மூடி எழுந்தார்.

“இரும். நீர் போனால் கோரம் இல்லை,” என்றார் தலைவர்.

விதிப்படி பதினொருவரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த விதியை எழுதியவர் நவரட்ணராஜாவேதான். உட்கார்ந்தார். கஜலட்சுமி பாட்டு தொடங்கியதும் ஒருமுறை வந்தார், பிரசங்கத்துக்கு முன் ஒருமுறை வந்தார். இரண்டு தடவையும் செயலாளர் பாதி எழுந்து முழுதாக உட்கார்ந்தார்.

பத்தேகாலுக்குச் சமரசம் பிறந்தது: ‘கப்பலில் இறக்கியும் தோளில் சுமந்தும் தொண்டாற்றிய பெரியோர்.’ அத்தியாயத்தைக் கையில் ஏந்திக் குழு வரிசையாக ஆலயத்துக்குள் நுழைந்தபோது, பார்வையாளர் பையை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய தாளில் ‘வருகை: ஒருவர்’ என்றிருந்தது.

“ஐயா, நாங்கள் எல்லாரும் பின்னுக்குத்தான் இருந்தனாங்கள்,” என்றார் நவரட்ணராஜா.

“தெரியும். ஜெபம் முழுக்க உங்க சத்தந்தான் கேட்டுச்சு.”

அடுத்த மாதம் ஆலயம் மூடப்பட்டது. குழு மனம் தளரவில்லை. மோகனராஜின் கடை மேல்மாடியில் கூடி, இறுதி அத்தியாயத்தை எடுத்தது. ‘ஆலயம் மூடப்படக் காரணமாயிருந்தவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் யாரும் தம் குடும்பத்துக்கு உரிமை கோரவில்லை. நவரட்ணராஜாவுக்கு வெட்கமாயிருந்தது. பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதினார்.

தலைவர் தாளை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். “தனி ஆளின்ர பேர் மலரின்ர தரத்துக்குச் சரிவராது,” என்று அதை வெட்டிவிட்டு, தன் கையாலேயே திருத்தினார்: ‘குழுவினர் அனைவரும்.’

நூற்றைம்பதாண்டு வரலாற்றில் பிழையில்லாத ஒரே வரி அதுதான். ஏகமனதாக நிறைவேறியது.