சம்பந்தி வண்டிக்கு வேப்பிலை

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி மோகன்ராஜ் அவர்களுக்கு,

அரசப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பெரியபாளையத்தம்மன் புண்ணியத்தில் இங்கே மனிதர்கள் எல்லோரும் சௌக்கியம். மனிதர்கள் என்று தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு, அது பின்னால் வரும். திருவள்ளூரில் நீங்களும், சம்பந்தியம்மா ஜோதிலட்சுமியும், மாப்பிள்ளை ஜெகனும், உங்கள் வீட்டில் ஏழு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் மகள் தமிழ்செல்வியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் என் மனைவி முத்தம்மாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். கைக்குக் கை ஃபோன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் ஃபோனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்தில் சம்பந்தியம்மா இருப்பார்கள், பால்காரர்கூட இருப்பார். நான் சொல்ல வந்தது ஸ்பீக்கரில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. விஷயம் நீங்கள் கொடுத்த வண்டியைப் பற்றியது.

தவறாக நினைக்க வேண்டாம். பெண்ணைப் பெற்றவனிடம் வண்டி கேட்கிற சம்பந்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவனுக்கு வண்டி கொடுத்த சம்பந்தியை எங்கள் தெருவே உங்கள் உருவத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தது. நீங்கள் புது வண்டி எடுத்ததும் பழையதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைத் தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுத்தீர்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட வண்டி. கடல் தாண்டி வந்த கம்பெனி, தோல் சீட்டு, தலைக்கு மேலே திறக்கிற கண்ணாடி, ஏறுவதற்குப் படி. நீங்கள் ஓட்டியது போக, உங்களுக்கு முன்னால் வேறு ஒருவர் ஓட்டியது போக, இன்னமும் பார்ப்பதற்கு மந்திரி வண்டி மாதிரிதான் இருக்கிறது. அன்றைக்குப் பந்தியில் எல்லோர் காதும் கேட்க நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "என் மருமவ தலப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறதுன்னா அந்த வண்டியிலதான் போவணும். ஆட்டோ கீட்டோவுலலாம் நான் அனுப்ப மாட்டேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அன்று மாலையே தமிழ்செல்வியை அழைத்துக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று உங்களிடம் சொல்லியாக வேண்டிய கட்டாயம்.

முதலில் எண்ணெய். வண்டி வந்த புதிதில் ஒருநாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் எண்ணெய்க் குவளைப் படம் மஞ்சளாக எரிந்தது, ஊற்றினேன், சில நாளில் மறுபடி எரிந்தது, மறுபடியும் ஊற்றினேன், உள்ளே எவ்வளவுதான் இருக்கிறது என்று பார்க்கலாமென்று பானெட்டைத் தூக்கி அளவுக்கம்பியைத் தேடினால் இந்த வண்டியில் கம்பியே வைக்கவில்லை. எங்கள் பழைய டிராக்டரில்கூடக் கம்பி உண்டு. இதில் வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, திரையிடம் கேட்க வேண்டும். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொல்லும். தரை சாய்ந்திருந்தால் சொல்ல மாட்டேன் என்றுவிடும். எங்கள் சிப்காட் சாலைகள் உங்களுக்குத் தெரியும், கண்டெய்னர் லாரி ஓடி ஓடித் தொட்டில் மாதிரி கிடக்கின்றன. கடைசியில் நான் வேலை பார்த்த உருக்காலைக்குப் பக்கத்தில் இருக்கும் லாரி எடைமேடைதான் இந்த வட்டாரத்திலேயே சமமான இடம் என்று கண்டுபிடித்தேன். பழைய இரும்பு ஏற்றிய லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று, முறை வந்ததும் மேடையில் ஏறி, எண்ணெய் அளவு பார்த்துவிட்டு இறங்குவேன். எடைமேடைக்காரர் அருணாச்சலம் பொறுமையான ஆள். "இன்னா சார், போன தபா ஏறசொல்ல இருந்த அதே எடைதான் காட்டுது. நீங்க ஊத்தற எண்ணெய்லாம் எங்கதான் போவுது?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன். வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தும் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு விழவில்லை.

லாரி மெக்கானிக் ஜெரால்டிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்தார், எஞ்சின் முழுக்க மூடி போட்டு மூடியிருப்பதைப் பார்த்தார், திறந்த மாதிரியே சாத்திவிட்டார். "சார், லாரின்னா எஞ்சின் கண்ணுக்குத் தெரியும். இவன் பொட்டி மேல பொட்டி வச்சி மூடிக்கிறான். ஆனா ஒண்ணு, எண்ணெய் ஒழுகல, உள்ளயே எரியுது. பொகை நீலமா வருது பாருங்க. சீலு, ரிங்கு எதுனா தேஞ்சிருக்கும். எஞ்சின இறக்கணும். இறக்கிடுவேன், திரும்ப ஏத்தறதுக்குதான் நான் கேரண்டி கிடையாது" என்றார். நேர்மையான மனிதர். ஆகவே இறக்கவில்லை, ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். அந்த நீலப் புகையால் ஒரு நன்மையும் உண்டு. காலையில் நான் வண்டியைக் கிளப்பினால் தெருவில் கொசு இருப்பதில்லை. தெருக்கோடி வீட்டுக்காரர்கள் மாலையிலும் ஒருமுறை கிளப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உங்களிடம் இருந்தபோதும் வண்டி இப்படிக் குடித்ததா என்று நான் கேட்க மாட்டேன், அது மரியாதை இல்லை.

எண்ணெயோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வயதானால் மனிதனுக்கே நாலு மாத்திரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. பேஜாரு எல்லாம் சூட்டில்தான். உருக்காலையில் உலைப் பக்கமே நின்று தலை நரைத்தவன் நான், சூட்டைக் கண்டு பதறுகிற ஆள் இல்லை. ஆனால் அங்கே சூடானால் தண்ணீரைத் திறந்துவிடுவோம், இங்கே அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முத்தம்மாவின் தங்கை வீட்டுக்குப் போகும்போது எளாவூர் செக்போஸ்ட் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது, ஏ.சி. தானாக நின்றது, பானெட்டிலிருந்து ஆவி வந்தது. நான் இறங்கி மூடியைத் திருகப் போனேன். பின்னால் நின்ற ஆந்திரா லாரி டிரைவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொறக்காத நைனா, மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்." பிறகு அவருடைய கேனிலிருந்தே தண்ணீரும் கொடுத்தார். கொடுக்கும்போது, "இம்மாம் பெரிய வண்டி வச்சிகினு எங்ககிட்ட தண்ணி வாங்கறியே நைனா" என்றார். அதில் தவறு ஒன்றும் இல்லை, உண்மைதானே.

அந்த நேரத்தில்தான் முத்தம்மா இறங்கிப்போய், சாலையோர வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து, வண்டியின் முகத்தில் இருக்கும் கம்பி இடுக்கில் செருகினாள். "இதுக்கு ஒடம்பு சூடுங்க. நீங்க வேற எண்ணெய எண்ணெய ஊத்திகினே இருந்தா சூடு ஏறாம இன்னா பண்ணும்?" என்றாள். கொஞ்ச நேரத்தில் வண்டி ஆறியது. தண்ணீரால் ஆறியதா வேப்பிலையால் ஆறியதா என்று வீடு வந்து சேரும்வரை பேசினோம், வேப்பிலை ஜெயித்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஒரு கொத்து கூடுகிறது. வேப்பிலை கூடக் கூட வண்டி இன்னும் சீக்கிரம் சூடாகிறது, சூடாகச் சூடாக அவள் இன்னும் நெருக்கமாகக் கட்டுகிறாள். இப்போது வண்டியின் முகமே தெரியவில்லை, கம்பெனி முத்திரையும் இலைக்குள் போய்விட்டது. இது என்ன வண்டி என்று கேட்பவர்களுக்கு நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதோடு விட்டாளா. அம்மை போட்ட வீட்டில் என்னென்ன விலக்கு உண்டோ அத்தனையும் எங்கள் வீட்டில் நடக்கிறது. தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, யாரும் தலைசீவி முடியைக் கீழே போடக் கூடாது. தாளிக்காத குழம்பை நீங்கள் தொடர்ந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா தெரியாது. நான் ஒருநாள், "வண்டிக்கு அம்மை போட்டதுக்கு நான் இன்னாத்துக்குப் பத்தியம் இருக்கணும்?" என்று கேட்டேன். "அதுல வரப்போறது யாருங்க? வயித்துப் புள்ளக்காரி" என்றாள். தாளிக்காத குழம்பையே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக் கோபாலின் ஆடு வேறு. அதற்கு எங்கள் வண்டி கிடைத்ததிலிருந்து வேறு தீனியே பிடிப்பதில்லை. அவிழ்த்துவிட்டதும் நேராக வந்து வண்டிக்கு முன்னால் நின்று வேப்பிலையை இழுக்கிறது. ஓய்வுபெற்று நிம்மதியாக உட்காரலாம் என்று வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியை வண்டிக்கு முன்னால் போட்டு, கையில் ஒரு குச்சியோடு, பகல் முழுவதும் நான் ஆட்டை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு வாடகை வண்டி வைத்துத் தமிழ்செல்வியை அழைத்துவர நீங்கள் அனுமதிக்க வேண்டும். உங்கள் வார்த்தையை மீற எனக்கு மனம் இல்லை. ஆனால் பெரியபாளையத்துக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், வெயிலில், வளையல் கையோடு என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பைக் குறை சொல்லவில்லை, உண்மையாகவே இறங்கவில்லை. எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். நேற்று அவளே ஃபோனில், "நைனா, நீ பஸ்ஸுல வந்து கூப்ட்டாலும் நான் வந்துடுவேன். ஆனா நான் சொன்னேன்னு மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள். ஆகவே இதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

வாடகை வண்டியில் வந்தால் உங்களுக்குக் குறைவு என்று நினைக்க வேண்டாம். வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பெயர் வெளியே வராது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பிறக்கப்போகும் உயிருக்கு அம்மன் துணையிருக்கட்டும், அது எந்த வண்டியில் வந்தாலும் சரி.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அரசப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் மறந்துவிட வேண்டும். கடிதத்தை இன்று காலை தபாலில் சேர்க்கலாம் என்று வைத்துவிட்டு, நானும் முத்தம்மாவும் ரேஷன் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கோபாலின் ஆடு வேப்பிலை மொத்தத்தையும் தின்றுவிட்டு வண்டி நிழலில் படுத்திருக்கிறது. முத்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அப்படியே வண்டியை எடுத்தேன். எளாவூர் வரை போனேன், லாரி வரிசையில் வேண்டுமென்றே நின்றேன், முள் பாதியைத் தாண்டவில்லை. நேராக ஜெரால்டிடம் போனேன். அவர் முன்பக்கக் கம்பியைக் கழற்றினார். உள்ளே ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு அடுக்கு, காய்ந்து, பழுப்பாகி, அழுத்தி வைத்த வேப்பிலை. இத்தனை நாளும் காற்று போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது அதுதான்; கம்பி இடுக்கு வழியாக ஆடு அதிலும் பாதியை இழுத்துத் தின்றிருந்ததால்தான் இன்றைக்கு முள் ஏறவில்லை. அந்த அடுக்கில் மஞ்சள் கயிறும் ஒரு குட்டி வெள்ளி மணியும் இருந்தன. அது எங்கள் வீட்டு முடிச்சு இல்லை. அதே மாதிரி ஜோடி மணியைச் சம்பந்தியம்மாவின் பூஜையறையில் நான் பார்த்திருக்கிறேன், இன்னொன்று அங்கே மீதி இருக்கும். இதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. மணியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எண்ணெய் மட்டும் பழையபடியே போகிறது, டிக்கியில் கேன் வைத்துக்கொள்கிறேன். ஆகவே உங்கள் விருப்பப்படி ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியிலேயே வருகிறோம்.

இன்னும் ஒன்று. இதை எல்லாம் முத்தம்மாவிடம் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, அம்மனே ஆடு ரூபத்துல வந்து சூட்ட தின்னுட்டுப் போயிருக்கா" என்றாள். ஆட்டுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாயிற்று. வண்டி குணமானால் அதற்கு முழு வேப்பஞ்சேலை கட்டிப் பெரியபாளையத்துக்கு அழைத்து வருவதாக அவள் முன்பே வேண்டிக்கொண்டிருந்தாளாம், எனக்கு இப்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போகிற வழியிலேயே அதை முடித்துவிட, இதை எழுதும்போது வாசலில் உட்கார்ந்து, இரண்டு மரத்து இலையை வைத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் அளவெடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மனுக்குக் கட்டியதை மனிதக் கை கழற்றக் கூடாது, ஆடு தின்றால் குற்றம் இல்லை என்கிறாள். நான் நிதானமாக யோசித்து, கோபாலிடம் பேசி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலில் வண்டி வந்து நின்றதும் பின் சீட்டிலிருந்து ஆடு ஒன்று இறங்கும். வளைகாப்பு விருந்துக்குச் சம்பந்தி கொண்டுவந்தது என்று நினைத்து யாரும் அதைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய்விட வேண்டாம். சம்பந்தியம்மாவிடமும் சமையல்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கவும். அது வண்டியின் பாகம். அதை நம்பித்தான் என் மகளை நான் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.