ஃப்ரிட்ஜைத் தூக்கியவர்

“உங்க வேலை இவ்வளவுதான்னு நிறுத்திக்காம, அதுக்கும் மேல போய் யாருக்காவது ஏதாவது செஞ்சிருக்கீங்களா?”

ஹெச்.ஆர். அம்மையார் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பூட்டுக்காரருக்கு மண்டைக்குள் விளக்கணைந்த மாதிரி இருந்தது.

ஒரு வாரமாக மனைவி அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கியிருந்தாள். ‘உங்ககிட்ட இருக்கற குறை என்ன’ என்றால் என்ன சொல்ல வேண்டும், ‘பழைய இடத்தை ஏன் விட்டீங்க’ என்றால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். இந்தக் கேள்வி மட்டும் அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லை.

உண்மையான பதில் அவருக்குத் தெரியும். இல்லை என்பதுதான் அது. எப்பேர்ப்பட்ட பூட்டையும் காதை வைத்துக் கேட்டே திறந்துவிடுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பூட்டு ‘க்ளிக்’ என்றதும் அவர் கடமை முடிந்தது. “அப்படியே இந்த ஜன்னல் கொக்கியையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்” என்று வீட்டுக்காரர்கள் வாயெடுக்கும்போதே பை தோளுக்கு ஏறியிருக்கும். “அதுக்கு கார்பென்டரைக் கூப்பிடுங்க” என்பது படியிறங்கும்போது கேட்கும்.

அதை இங்கே சொல்ல முடியுமா? வேலை பார்த்த கடையை மூடப்போகிறார்கள். இந்தப் பூட்டுக் கம்பெனி வேலை கிடைக்காவிட்டால் மச்சினனின் டைல்ஸ் கடைதான் கதி. கல்யாணத்தில் இவர் மடியில் உட்கார்ந்து மூக்கொழுகிய அந்தப் பயலைத் தினமும் ‘முதலாளி’ என்று கூப்பிட வேண்டும்.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“செஞ்சிருக்கேன் மேடம். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு லீவு. ஒரு அம்மா போன் பண்ணி, சாவி தொலைஞ்சுபோச்சு, வீட்டுக்குள்ள போக முடியலன்னு அழுதாங்க. சாப்பிட உக்காந்தவன் கையைக் கழுவிட்டு ஓடினேன். திறந்துவிட்டேன். காசே வாங்கல.”

“வெரி குட்! அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’தான் வினை. அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார்.

“அப்புறம்... அவங்க வீடு மாத்திக்கிட்டு இருந்தாங்க மேடம். சாமான் ஏத்த ஆளில்ல. பாவமா இருந்துச்சு. நானே டிவியைத் தூக்கி வண்டியில வெச்சேன்.”

“அப்புறம்?”

“ஃப்ரிட்ஜையும் தூக்கினேன்.”

“தனியாவா?”

“கட்டிலும் தனியாத்தான்.”

அதுவரை மேஜைக்கு அந்தப் பக்கம் அரைத் தூக்கத்தில் இருந்த மேனேஜர் கண்ணைத் திறந்தார். அம்மையாரின் பேனா நின்றுவிட்டது.

“ஒரு நிமிஷம். அது அவங்க வீடுதான்னு எப்படித் தெரியும்? ஏதாவது கேட்டீங்களா?”

“அழறவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது மேடம்?”

“வீடு எங்க?”

எந்த ஊரிலும் தண்ணீர்த் தொட்டி என்று ஒன்று இருக்கும். “தண்ணித் தொட்டி பக்கத்துல. மாடி வீடு” என்றார் பூட்டுக்காரர் தைரியமாக.

அம்மையார் நாற்காலியோடு மேனேஜர் பக்கம் திரும்பினார். “சார்! உங்க வீடு!”

மேனேஜரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது.

“போன மாசம் நீங்க வெளியூர் போயிருந்தப்ப வீட்டைத் துடைச்சு எடுத்துட்டுப் போனாங்களே! பூட்டுகூட உடையல, அதுதான் ஆச்சரியம்னு சொன்னீங்களே! ஆபீஸ்ல எல்லாரும் சேந்து உங்களுக்கு ஸ்டவ் வாங்கிக் கொடுத்தோமே சார்!”

“எத்தனையோ வீட்டுல திருடு போகுதும்மா” என்றார் மேனேஜர் ஈனசுரத்தில். “நீங்க அடுத்த கேள்வியைக் கேளுங்க.”

பூட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. தாம் சொன்ன கதையை இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அதில் பரோபகாரம் எங்குமே இல்லை. ஒரு திருட்டுக்குப் பூட்டைத் திறந்துகொடுத்து, சாமானையும் ஏற்றிவிட்ட கதைதான் இருந்தது.

“மேடம், தண்ணித் தொட்டின்னா சொன்னேன்? பார்க்கு பக்கத்துல!”

“சார் வீட்டுக்குப் பின்னாடி பார்க்குதானே?”

“சின்ன பார்க்குதான்” என்று முனகினார் மேனேஜர்.

“அம்மான்னு சொன்னேன்ல, அது அம்மாவே இல்ல. ஒரு ஆளு!”

“ஓ, ரெண்டு பேரா?” அம்மையார் போனைக் கையில் எடுத்தார். “சார், நான் போலீசுக்குச் சொல்றேன்.”

“வேண்டவே வேண்டாம்!” மேனேஜர் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. “அன்னிக்கே நான் போலீசுக்குப் போகல. இப்ப எதுக்கு?”

“உங்க நல்ல மனசு சார். அதைப் பாத்தா இவங்க திருந்துவாங்களா?”

பூட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். “மேடம், அத்தனையும் பொய்! நான் யாருக்கும் எதுவும் செஞ்சதில்ல. ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுல படுத்துத் தூங்கறவன். வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க!”

அம்மையார் அவரிடமே நம்பர் வாங்கி அவர் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கம்பெனி பேரைச் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை எல்லாம் வீட்டுலதான் இருப்பாரா?”

கணவனைப் பற்றி விசாரிக்கிறார்கள், வேலை நம் நாக்கில் இருக்கிறது என்று புரிந்துகொண்டுவிட்டாள் அந்தப் புண்ணியவதி.

“வீட்டுலயா? நல்லாக் கேட்டீங்க! யார் கூப்பிட்டாலும் ஓடிடுவாருங்க. லீவு, கீவு எதுவும் பாக்க மாட்டாரு!”

பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“சாமான் எல்லாம் தூக்குவாரா?”

“பீரோவையே ஒத்த ஆளா தூக்குவாருங்க!”

“பீரோ வேறயா!” என்று அம்மையார் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடிப்பாவி, போதும்டி!” என்று கத்தினார் பூட்டுக்காரர். “என்னைத் திருடன்னு போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் போறாங்க!”

“திருடனா?” மனைவியின் குரல் தடாலென்று மாறியது. “அய்யோ மேடம், அந்த மனுஷன் சாப்பிட்ட தட்டைக்கூடத் தூக்க மாட்டாரு! ஞாயித்துக்கிழமை சோபாவுல விழுந்தா திங்கக்கிழமைதான் எழுந்திரிப்பாரு. பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டரை உருட்டி விடச் சொன்னதுக்கே இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு நடிச்சவரு!”

“இப்ப சொன்னது நிஜமா, முன்னாடி சொன்னது நிஜமா?”

“எது சொன்னா அவரை விடுவீங்களோ அதுதாங்க நிஜம்!”

அம்மையார் போனை வைத்தார். பேச்சுக்கு இடமில்லை என்பது போல போலீஸ் எண்ணை அழுத்தப் போனார். மேனேஜர் எட்டி அந்தப் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“இவர் எடுக்கலம்மா. எனக்கு நல்லாத் தெரியும்.”

“எப்படி சார் அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“முகத்தைப் பாத்தாத் தெரியாதா? இவர் திருடன் இல்ல. இவருக்கு வேலை கொடுத்தாச்சு. திங்கக்கிழமையே வரட்டும். ஒண்ணே ஒண்ணு” என்று பூட்டுக்காரரை உற்றுப் பார்த்தார். “இந்த ஃப்ரிட்ஜ் கதையை இந்த ரூமுக்கு வெளியில நீங்க மூச்சு விடக் கூடாது. நீங்களும்தாம்மா.”

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பனே அவரை இப்படி நம்பியதில்லை. வீட்டையே பறிகொடுத்த மனிதர், தன் முகத்தைப் பார்த்து நம்புகிறாரே! இனிமேல் ஜன்னல் கொக்கி என்ன, கதவையே கழற்றி மாட்டச் சொன்னாலும் மாட்டுவது என்று மாடிப்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார்.

வாசலில் கம்பெனி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர், “என்ன சார், வேலை கிடைச்சாச்சா? ஏறுங்க, பஸ் ஸ்டாப்புல விடறேன்” என்றார்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் பூட்டுக்காரரால் வாயை அடக்க முடியவில்லை.

“உங்க மேனேஜர் மாதிரி ஒரு தங்கமான மனுஷனை நான் பாத்ததில்லைங்க. வீட்டுல அவ்வளவு பெரிய திருட்டு நடந்தும், ஒருத்தர் மேலயும் சந்தேகப்படாம இருக்காரே!”

டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு தடவை ஆடி நேரானது.

“திருட்டாவது, மண்ணாவது! சண்டை போட்டுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன அவர் சம்சாரம்தான் சார் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போனாங்க; லீவு நாள்னுகூடப் பாக்காம, ஒத்த ஆளா அந்த ஃப்ரிட்ஜைத் தூக்கி இதே வண்டியில ஏத்திவிட்டது நான்தான்!”