கார்ப்பரல் கிரான்ட்ஸின் பத்து நாள் விடுப்பு

ஒஹாயோவில் எங்கள் ஆஷ்பிரிட்ஜ் ஊரிலிருந்து அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனவர்களுக்கு நினைவுக் கல் நடுவதென்று கமிட்டி போட்டோம். நானும் அதில் ஒருவன். நாற்பது பெயர்களில் சைலஸ் கிரான்ட்ஸ் பெயரை மட்டும் அடித்தோம். பழைய படைப் பதிவேட்டின்படி அவர் 'ஓடிப்போனவர்'.

அவருடைய கொள்ளுப்பேத்தி ஐடெல்லா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கமிட்டி மேசையை ஓங்கித் தட்டினாள். "அவரை வீட்டுக்கு அனுப்பினதே ஜெனரல் டில்பெக்தான்! ஜெனரலோட காகிதத்துல அது இல்லாமலா போகும்?" மறுநாளே பஸ் ஏறினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

டில்பெக் ஆவணக் காப்பகத்தில் காகித நலத்துறை அதிகாரி விட்லோ எங்களை வரவேற்றார். ஜெனரலின் படைப் பதிவேடும் அங்கேதான் இருந்தது. அவருடைய சொந்தக் காகிதங்கள் முப்பத்தொரு பெட்டி. அனைத்தும் ஓய்வில் இருந்தன.

"ஓய்வா?"

"படிக்கப் படிக்க காகிதத்துக்கு மன அழுத்தம் வருது மேடம். இப்ப எல்லா இடத்துலயும் இதான் நடைமுறை. தினம் காலையில புல்லாங்குழல் கேட்க வைக்கிறோம்."

"ஒரே ஒரு கடிதம் பார்த்துட்டுப் போயிடுறேன் தம்பி."

"எழுதினவர் சம்மதம் வேணும்."

"அவர் செத்து நூத்தி முப்பது வருஷமாச்சு!"

விட்லோவின் முகம் வாடியது. "ஆழ்ந்த அனுதாபங்கள். எங்களுக்கு யாருமே சொல்லலை. இறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கீங்களா?"

"அது எங்க இருக்கும்?"

"பத்தொன்பதாம் பெட்டியில."

ஐடெல்லா அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். அங்கே குதிரைமேல் ஜெனரலின் வெண்கலச் சிலை. பீடத்தில் பிறந்த தேதி, இறந்த தேதி. விட்லோ இரண்டு முறை படித்தார். "பீடத்தைக் கோப்புல வைக்க முடியாதே" என்றார். அவள் எழுத்துகள்மேல் காகிதத்தை விரித்து, பென்சிலால் தேய்த்து நகலெடுத்து நீட்டினாள்.

"முத்திரை இல்லை" என்று யோசித்தார் விட்லோ. "ஆனா புறா எச்சம் பட்டிருக்கு. நம்ம வளாகத்துப் புறாதான். போதும்."

பெட்டி திறந்தது. கையுறை மாட்டிய ஐந்து அதிகாரிகள் சுற்றி நின்றார்கள். எழுத்துகளைச் சேர்த்துச் சுழித்தெழுதும் அந்தக் காலத்துக் கூட்டெழுத்து ஒருவருக்கும் படிக்க வரவில்லை. இத்தனை வருடமாக அதைப் பூவேலைப்பாடு என்றே பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். ஐடெல்லா படித்தாள்:

"'கார்ப்பரல் கிரான்ட்ஸ் ஓடவில்லை. மனைவிக்குப் பிரசவம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பத்து நாள் விடுப்பு கொடுத்து நானே அனுப்பினேன். விடுப்பு உத்தரவுக்குத் தலைமையகம் மூன்று நகல் கேட்கிறது, இரண்டுதான் அனுப்பினேன். இதற்காகவா ஒருவனை ஓடிப்போனவன் என்று எழுதுவார்கள்?'"

அவள் குரல் உடைந்தது. விட்லோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உடனே திருத்திடலாம் மேடம். அந்த மூணாவது நகலை மட்டும் குடுத்துடுங்க."

நான் தலையில் கை வைத்தேன். ஐடெல்லா உட்கார்ந்து, அதே கூட்டெழுத்தில் மூன்றாவது நகலை எழுதிக் கொடுத்தாள். 'தாமதமாகப் பெறப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. விடுப்பு அனுமதிக்கப்பட்டது.

மே மாதம் கல்லில் பெயர் ஏறியது. ஐடெல்லா அந்த எழுத்துகளைத் தடவித் தடவி அழுதாள்.

ஜூனில் காப்பகத்திலிருந்து அவளுக்கும் கமிட்டிக்கும் கடிதம் வந்தது. "மேற்படியாரின் விடுப்பு 1865 ஏப்ரல் பத்தாம் தேதியுடன் முடிவடைந்தது. அன்னார் இன்றுவரை பணிக்குத் திரும்பாதது ஏன் என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

"ஒன்பதாம் தேதியே எதிராளி சரணடைஞ்சு போரே முடிஞ்சாச்சேய்யா!" என்று ஐடெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கமிட்டியில் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கடிதத்தில் முத்திரை இருந்ததே! அவசரக் கூட்டம் கூட்டி, கல்லைத் துணியால் மூடிவிட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சைலஸ் கிரான்ட்ஸ் நேரில் வந்து, பணிக்குத் திரும்பியதாகக் கையெழுத்துப் போட்டால், அன்றே திறந்துவிடுவோம்.