டம்ளரில் தெளியாத கரிசல்

இடைசெவல்,
சித்திரை 9.

அன்பு மைத்துனர் இசக்கிபாண்டிக்கு, மணியாச்சி ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்று, இப்போது முழுநேரமும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தான் உக்கிரபாண்டி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் சீனித்தாயும் நலம். அங்கு நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க அம்மன் துணை.

நூற்பாலைப் பெண்கள் விடுதியில் குளித்துத் துவைத்துக் கழித்த தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்களே, அதை உன் ஏக்கருக்கும் வாங்கச் சம்மதக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே.

போன வருஷம் தையில் என் ஏக்கருக்குக் குழாய் வந்தது. பக்கத்தில் உன் ஏக்கர் மழையை நம்பியே கிடந்தது. முதல் கோடையில் என் பருத்தி இடுப்புயரம் வளர்ந்தது, வந்தவர்கள் எல்லாம் என்ன உரம் என்று கேட்டார்கள், நான் சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்துவைத்தேன். இந்த வருஷம்தான் கோளாறு. பாய்ச்சிய தண்ணீர் இறங்காமல் மூன்று நாள் அப்படியே நிற்கிறது, சுண்டினால் மேல்மண் அப்பளம் மாதிரி ஏடு கட்டுகிறது, விதை முட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே செத்துப்போகிறது. என்னவென்று பார்க்க நடுவில் இறங்கினேன், வலது செருப்பை மண் பிடித்துக்கொண்டது, அதை இழுக்கக் குனிந்ததில் இடது செருப்பும் போயிற்று, பிறகு நானே போனேன். வரப்பில் நின்ற உன் அக்காள், “எந்திக்காதீய, அப்படியே கெடங்க, மண்ணு என்ன செய்யுதுன்னு கிட்டத்துல பாருங்க” என்றாள்.

அவள் கேலிக்குச் சொன்னாள், நான் நிஜமாகவே பார்த்தேன். உன் நிலத்து வெடிப்பில் முழங்கை வரை கை நுழைகிறது, கட்டியை நெரித்தால் பொலபொலவென்று உதிர்கிறது. என் நிலத்துக் கட்டியோ சுத்தியல் கேட்கிறது. ஒரே கரிசல், நடுவில் ஒரு வரப்பு, எப்படி மாப்ளே இப்படி? வேளாண்மை ஆபீசில் கேட்டேன். தண்ணீரோடு வரும் சோப்பும் உப்பும் தங்கிப்போனால் களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, தண்ணீர் இறங்கும் துவாரத்தையெல்லாம் அடைத்துவிடுமாம். சுத்தமான தண்ணீரில் கட்டியைப் போட்டால் தெரியும் என்றார்கள். விடுவேனா? பேட்டரிக்கு ஊத்துற தண்ணி ஒரு கேன் வாங்கிட்டு வந்து, உங்க அக்கா விருந்தாளிக்குன்னு வச்சிருந்த ஆறு கண்ணாடி டம்ளரையும் ஜன்னல்ல வரிசையா வச்சேன். உன் கட்டி உதிர்ந்து அடியில படிஞ்சது, தண்ணி தெளிவு. என் கட்டியச் சுத்திப் புகை மாதிரி கலங்கல் கெளம்பி, ரெண்டு நாளாகியும் தெளியல. அந்த நேரம் பாத்து உன் மாமனார் வந்தாவ. காப்பின்னு நெனச்சு ஒரு மடக்குக் குடிச்சுட்டு, “சீனி கொறச்சலா இருக்கே, தாயி” ன்னாவ.

இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? குழாயக் கழத்தியாச்சு. இந்தத் தண்ணி எங்க மண்ணுக்கு ஆகாதுன்னு விடுதியில எழுதிக் குடுத்துட்டேன், அக்கம்பக்கத்துப் புஞ்சைக்காரங்க ஏழு பேரையும் எழுதவச்சுட்டேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். உன் மாமனாருக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான் உக்கிரபாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது விடுதி பம்பு ஆபரேட்டர் சக்திகுமார் ஓடிவந்தான். “என்ன அண்ணாச்சி இப்படி எழுதிக் குடுத்திட்டிய? சுத்திகரிக்கிற மெசினு போன ஆடியிலேயே படுத்துட்டுல்லா! அதுலருந்து ஒங்களுக்கு வாரது எங்க போர்த் தண்ணி. வாயில வைக்க முடியாது, அம்புட்டு உப்பு. குழாய் காஞ்சு கெடந்தா வருத்தப்படுவியளேன்னு நாந்தான் தொறந்துவிட்டேன்” என்றான்.

ஆக, மண்ணைக் கெடுத்தது போர்த் தண்ணீரா, முதலில் வந்த விடுதித் தண்ணீரா, இரண்டும் சேர்ந்தா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் அந்த ஏழு பேர் வீட்டுக்கும் போக வேண்டும். நீ கையெழுத்தைப் போடவும் வேண்டாம், போடமாட்டேன் என்று சொல்லவும் வேண்டாம். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் எடுத்துக்கொள்.