அடுப்பில்லாமல் வெந்த நண்டுகள்

ஒரு கூடை உயிர் நண்டை அடுப்பு மூட்டாமல், தண்ணீர் ஊற்றாமல், கையால் தொடாமல் வேகவைத்தவள் நான். எங்கள் ஊர் தோணிரேவில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நான் மறுத்தால் சாட்சி சொல்ல அக்காவே வருவாள்.

அக்கா செல்விக்கு நண்டு வியாபாரம். ஏரியில் எங்கள் அப்பா, அதாவது நைனா, பிடித்து வருவதையும், அக்கம்பக்கத்தில் கிடைப்பதையும் சேர்த்துப் பழவேற்காட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் போடுவாள். அவர் சொல்வதுதான் விலை, அவர் கழித்துப் போடுவதுதான் கழிவு. நேராகச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒருநாள் எப்படியோ ஒரு பெரிய ஓட்டலில் சரக்கு வாங்கும் மேனேஜரைப் பிடித்துவிட்டாள். "இன்னிக்கு வந்த நண்டை போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. எனக்கு உயிர் நண்டுதான் வேணும். பிடிச்சிருந்தா சாயங்காலம் வேன்ல ஏத்திடுங்க, அப்புறம் வாராவாரம் வாங்கிக்கறேன்" என்றார் அவர்.

அக்கா தன் போனிலேயே நாலு படம் எடுத்து அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் நான் இருந்தேன். கல்லூரியில் கடைசி வருஷம். தோழியிடம் இரவல் வாங்கிய கேமரா ஒன்றும், புகைப்படக் கலை பற்றிய பலமான அபிப்பிராயங்களும் என்னிடம் இருந்தன. (கேமராவையாவது திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

"போன்ல எடுத்தா ஓட்டல்காரர் மதிக்க மாட்டாருக்கா. நான் எடுத்து எடிட் பண்ணித் தரேன்" என்றேன்.

"எடிட்னா இன்னாடி?"

"நல்லா காட்றது."

"நண்டு நல்லாத்தானே இருக்குது?" என்றாள். இருந்தாலும் தங்கை படித்தவள் என்று நம்பி விட்டுவிட்டாள்.

கரையில் அக்கா கூடையோடு நிற்பது ஒரு படம். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிய பச்சை நண்டுகள் பதினொரு படம். எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் முடிந்தது. அதன்பிறகுதான் என் மேதைமை ஆரம்பித்தது. படத்தின் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடும் ப்ரீசெட் என்று ஒன்று உண்டு. யாரோ ஒருவர் நாற்பது ப்ரீசெட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்தார். அதை இறக்கினேன். சுருக்கிக் கட்டியிருந்த கோப்பைப் பிரிக்காமல் அப்படியே படம் திருத்தும் மென்பொருளின் ஃபோல்டரில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. மென்பொருளை மூடித் திறந்தேன். லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். செய்முறை வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அவர் அழுத்தச் சொன்ன பட்டன் என் திரையில் இல்லவே இல்லை. கடைசியில் கட்டைப் பிரித்தால் உள்ளே இன்னொரு கட்டு. அதைப் பிரித்தால் நாற்பது ப்ரீசெட்டுகளும் ‘முதலில் இதைப் படிக்கவும்’ என்றொரு கோப்பும். படிப்பதற்கா இவ்வளவு பாடுபட்டேன்? நேராக உள்ளே ஏற்றினேன்.

அப்போது மணி ஒன்று. வாசலிலிருந்து அக்கா மூன்றாவது முறையாக, "அனுப்பிட்டியாடி?" என்றாள்.

முதல் படத்தைத் திறந்து ஒரு ப்ரீசெட்டைச் சொடுக்கினேன். ஏரி பொன்னாக மாறியது. அக்காவின் முகம் கோயில் விளக்கு மாதிரி ஜொலித்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியோடு பன்னிரண்டு படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அதே ப்ரீசெட்டைப் போட்டு, மற்ற பதினொன்றைத் திறந்துகூடப் பார்க்காமல் மேனேஜருக்கு அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, உயிர் நண்டுதானே கேட்டேன்? வேகவெச்சு அனுப்பியிருக்கீங்க?"

"உயிர் நண்டுதான் சார். கூடையில ஊர்ந்துக்கினு கீது சார்."

"போட்டோல செக்கச்செவேல்னு இருக்கே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். பதினொரு படத்திலும் நண்டுகள் கல்யாணப் பந்தி வறுவல் நிறத்தில் கிடந்தன. எட்டிப் பார்த்த நைனா, நாற்பது வருஷமாக நண்டு பிடிப்பவர், "இது எந்த ஊரு நண்டு? மசாலா ஒண்ணுதான் கொறை" என்றார்.

"என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல இன்னாமோ பண்ணிட்டா சார்" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர்ல எப்படிம்மா நண்டு வேகும்?"

எனக்கே அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. அவர் போனை வைக்கப் போனார். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் கூடையை மூட ஈரச்சாக்கைத் தேடினாள், மறுபடியும் அந்த மொத்த வியாபாரியிடமே கொண்டுபோக. நான் போனுக்குள் குனிந்து, "சார், வீடியோல வாங்க சார், ஒரே ஒரு நிமிஷம்" என்று கெஞ்சினேன். வந்தார்.

அக்கா போனைப் பிடித்தாள். கூடையில் இருந்ததிலேயே பெரியதை நான் தூக்கிக் காட்டினேன். வெயிலில் சோர்ந்து அது அசையாமல் கிடந்தது. "செத்த நண்டாம்மா?" என்றார் மேனேஜர்.

உயிரை நிரூபிக்க வேண்டிய அவசரத்தில் கயிற்றை அவிழ்த்தேன். "அவுக்காதடி" என்று நைனா சொன்னது கேட்டது. அதே நேரத்தில் என் கட்டைவிரலும் நண்டிடம் போய்விட்டது.

நான் போட்ட கூச்சல் பக்கத்துக் குப்பம்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். கையை உதறினேன், குதித்தேன், கூடையைச் சுற்றி ஓடினேன். நண்டும் கூடவே வந்தது. நைனாதான் என்னை இழுத்துப்போய், "தண்ணில கைய வை, தானா வுட்டுடும்" என்று வாளிக்குள் அமுக்கினார். விட்டது. அத்தனை நேரமும் அக்கா போனை என்மீதிருந்து திருப்பவே இல்லை. அவள் வியாபாரி.

"போதும்மா," என்றார் மேனேஜர். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "உயிரோட இருக்கு, நல்லாவே தெரியுது. வேன்ல ஏத்திடுங்க. அந்தப் பொண்ணுக்கு மருந்து போடுங்க."

அன்று சாயங்காலம் வேன் போன பிறகு, விரலில் கட்டோடு உட்கார்ந்து அந்தப் படிக்காத கோப்பைத் திறந்தேன். இரண்டே வரி. இந்த ப்ரீசெட்டுகள் மாலை வெளிச்சத்தில் எடுத்த மனித முகங்களுக்கு மட்டும். உணவுப் பொருட்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஓட்டலுக்கு இன்றும் வாராவாரம் நண்டு போகிறது. போன வருஷம் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஆல்பத்துக்குப் படங்களை என்ன நிறத்தில் போடலாம் என்று போட்டோகாரர் கேட்டபோது, என்னை முந்திக்கொண்டு அக்கா சொன்னாள்: "ஒரு கலரும் மாத்தாத தம்பி. மாப்ள வூட்ல பாத்தா பொண்ணு உயிரோட கீதுன்னு தெரியணும்."

அவரும் அப்படியே செய்தார். ஆல்பம் முழுக்க நான் வியர்த்து வழிந்து, கண்மை கரைந்து, மூக்கு பளபளக்க நிற்கிறேன். விருந்தாளிகள் யார் அதைப் புரட்டினாலும் என் கணவர் அக்காவின் குரலிலேயே சொல்கிறார்: "பாத்துக்கோங்க, வேகவெக்கல."