இருக்குது பாயின் முதுகுப் பை

தர்மபுரி மாவட்டத்திலேயே 'இல்லை' என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் அறுபது வயதைக் கடந்தவர் ஒரே ஒருவர்தான். மாரண்டஹள்ளியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவருடைய சொந்தப் பெயர் எனக்கு வெகுநாள் வரை தெரியாது. ஊருக்கு அவர் இருக்குது பாய். குழாய்க்கு வாஷர் கேட்டாலும் "இருக்குதுங்க" என்பார். டிராக்டருக்கு டயர் கேட்டாலும் "இருக்குதுங்க, நாளைக்கு வாங்க" என்பார். இல்லை என்று சொன்ன கடைக்கு மனுஷன் மறுபடி எதற்கு வருவான் என்பது அவர் கட்சி.

நாங்கள் தினமும் காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிற கூட்டம். வட்டமாக நடந்தது போதும், ஒருதடவையாவது நேராக நடந்து பார்ப்போம் என்று கிளம்பினோம். மாரண்டஹள்ளியில் தொடங்கி பாலக்கோடு, தர்மபுரி, கம்பைநல்லூர், அரூர் வழியாகத் தீர்த்தமலை அடிவாரம் வரை. துணிமணி, கூடாரம், அடுப்பு எல்லாம் அவரவர் முதுகில். எங்களுக்குத் தலைவி, பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். வயதில் எல்லோருக்கும் இளையவர், அதட்டலில் எல்லோருக்கும் மூத்தவர்.

கடையை மகன்கள் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பில் போட்டு, அப்பாவை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்த நேரம் அது. பாய் தானாக வந்து நானும் வரட்டுங்களா என்று கேட்டார். டீச்சர் சரி என்றார். அப்போது அவருடைய பையை யாரும் பார்த்திருக்கவில்லை.

கிளம்பிய அன்று அந்தப் பையை அவர் முதுகில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏற்றியதும் பின்பக்கமாகச் சாயப் பார்த்தார். டீச்சர் பையை இறக்கித் திறந்தார். பூட்டு, தாழ்ப்பாள், கதவுக் கீல், ஆணி, நைலான் கயிறு, வாஷர், பல்பு ஹோல்டர். அடியில் எங்கோ இரண்டு சட்டை.

"நடக்கப் போறவருக்குக் கதவுக் கீலு எதுக்குங்க பாய்?"

"வழியில யாராச்சும் கேட்டாங்கன்னா?"

நெடுநடையில் ஒரு நாள் என்பது பெரிய விஷயமெல்லாம் இல்லை. விடிந்ததும் கூடாரத்தை உதறிச் சுருட்ட வேண்டும். நேற்று சரியாக உறைக்குள் போன கூடாரம் இன்று போகாது. காய்ந்தும் காயாத சாக்ஸைப் பைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். டீக்கடை கண்ணில் பட்டால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. சாயங்காலம் கொப்புளங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. பாய் மட்டும் அந்நேரத்தில் ஒவ்வொரு கூடாரமாகப் போய், ஏதாவது வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். ஒன்றும் வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அதற்காகவே ஒருநாள் நான் ஒரு ஆணி வாங்கிக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாலக்கோட்டை எட்டுவதற்குள் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மத்தியானம் சேர வேண்டிய இடத்துக்குப் பொழுது சாயும்போது சேர்ந்தோம். டீச்சர் தீர்ப்பைச் சொன்னார். கம்பைநல்லூர் போவதற்குள் பை பாதியாகவில்லை என்றால், அங்கேயே பாயை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார். அவருடைய முழங்காலை நினைத்துச் சொன்னதுதான்.

சாமானைப் பாலக்கோட்டிலிருந்தே கடைக்கு அனுப்பிவிடலாமே என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று கடையில் போர்டு மாட்டியவர் அவர். வெளியே போன சரக்கு திரும்பி உள்ளே வந்தால் கடைக்கு ஆகாதாம். தூக்கிப் போடவும் மனசில்லை. வழியில் இருக்கிற வீடுகளுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

கொடுப்பதென்றால் சும்மா கொடுப்பாரா? வேலியோரம் நின்று, "உங்க வூட்டுக் கதவு சரியாச் சாத்துதுங்களா?" என்று கேட்பார். மக்கள் திருடன் என்று நினைக்காதது அவருடைய வெள்ளைத் தாடியின் புண்ணியம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் மாட்டி, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட்டு, ஆடும் கதவை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வருவார். காசு வாங்கமாட்டார். அங்கேதான் கணக்கு தப்பியது. எங்கள் பக்கத்தில் கொடுக்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். போதாததற்குத் தக்காளி விலை விழுந்து கிடந்த சமயம். கன்னடம் பேசும் ஒரு வீட்டில் இவர் அவர்கள் மொழியிலேயே 'பேடா, பேடா' என்று மறுக்க மறுக்க, அந்த அம்மா பை நிறையத் தக்காளியைக் கொட்டினார். அடுத்த வீட்டில் நிலக்கடலை. அதற்கடுத்த வீட்டில் புளி. தர்மபுரியைத் தாண்டிய பிறகு, ஒரு தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு முழுப் பூசணிக்காய். இல்லை என்று சொல்லத் தெரியாதவருக்கு வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லவும் வரவில்லை.

கம்பைநல்லூர் பஸ் நிறுத்தத்தில் டீச்சர் பையைத் தூக்கிப் பார்த்தார். முன்பைவிடக் கனம். நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை, தர்மபுரி பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனார்.

பாய் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். இரும்புச் சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. டீச்சர் திரும்பி வந்ததும், தலையைத் தூக்காமலே சொன்னார்.

"கடையில உக்காந்திருந்தப்ப நூறு பேரு கூப்புட்டாங்கம்மா. வூட்டுல உக்காந்த பொறவு ஒருத்தரும் கூப்புடலை. கையில சாமான் இல்லாம என்னைய யாருங்க கூப்புடுவாங்க?"

சிரித்ததற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. டீச்சர் குனிந்து பூசணிக்காயை எடுத்துத் தன் பையில் திணித்தார். நான் புளியை எடுத்துக்கொண்டேன். தக்காளியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தோம். "எந்திரிங்க பாய், அரூர் ரொம்ப தூரம்" என்றார் டீச்சர். பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. முதுகில் சுமை இருந்தவரை மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்த மனுஷன், இரண்டு சட்டை மட்டும் உள்ள பையோடு பேச ஆரம்பித்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பூட்டு வாங்கிப் போட்ட அண்ணன் தம்பி கதை, மாமியாருக்குத் தெரியாமல் பீரோவுக்கு மூன்றாம் சாவி கேட்டு வந்த மருமகள் கதை. ஊர் பேரை மட்டும் சொல்லமாட்டார். அரூர் எப்போது வந்தது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. தீர்த்தமலை அடிவாரத்தில் கொப்புளங்களைப் பார்த்துக்கொள்ளக்கூட மறந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்தடுத்து இன்னும் சில நடைகள் போனோம். போன மாதமும் ஒன்று போவதாக இருந்தது. பாய்க்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் டீச்சர் தேதியைத் தள்ளி வைத்துவிட்டார். ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.